சங்கிலி வேண்டாம், சுற்றம் வேண்டும்



காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். கால் முறிந்தவரை நலம் விசாரிக்கத் தெருவே திரண்டு போகிறது. மனம் நோயுற்றவரின் வீட்டுக்கு மட்டும் ஏன் யாரும் போவதில்லை?

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் நீங்கள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு அண்ணன் சில வாரங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை. தமக்குத் தாமே பேசுகிறார். யாரோ தம்மைப் பின்தொடர்வதாக அஞ்சுகிறார். "பேய் பிடித்திருக்கிறது" என்கிறார் ஒருவர். "கட்டிப் போடுங்கள்" என்கிறார் இன்னொருவர்.

கட்டிப் போட்டால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

அண்ணனுக்கு வந்திருப்பது நோய். அதற்கு மருந்து உண்டு. மூளையின் நரம்பணுக்கள் வேதிப்பொருள்களின் வழியே செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்று டோபமின். இத்தகைய நோயில் மூளையின் சில பகுதிகளில் அதன் செயல் மிகுந்துவிடுகிறது. 1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் மனநோய்க்குப் பயன்படுத்திய குளோர்புரோமசீன் என்னும் மருந்து, டோபமினின் செயலைத் தணிப்பது பின்னாளில் தெரியவந்தது.

மாத்திரை மட்டும் போதுமா? லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய குழுவினரும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைக் கவனித்து, 1972-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓயாமல் குறைகூறும், கடிந்துகொள்ளும் வீடுகளுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் மீண்டும் வந்தது. அமைதியான வீடுகளில் அப்படி நேர்ந்தது 16 பேருக்கு மட்டுமே! நோய் உண்டானதற்குக் குடும்பம் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. குணமாகும் காலத்தில் நாம் பேசும் சொல்லுக்கும் வலிமை உண்டு என்பதே பொருள். 1987-இல் வெளியான சண்டிகர் ஆய்வில், லண்டனைவிட அங்கே குறைகூறும் உறவினர்கள் குறைவு என்று தெரிந்தது.

சுற்றத்தின் துணையை நம் நாட்டு மருத்துவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். நோயைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் குடும்பத்தார் நோயாளியுடன் தங்கினர்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அந்த அண்ணனைக் கேலி செய்யாதீர்கள். அவருடைய அச்சத்தைப் பொய் என்று வாதாடாதீர்கள். தாழ்ந்த குரலில் பேசி, சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். உடனே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். 'சாக வேண்டும்' என்று அவர் சொன்னால், அதை இரகசியமாக வைத்திருக்காதீர்கள்; அவரைத் தனியே விடாமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை இது.

அண்ணன் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் உங்களுடைய முக்கியமான வேலை தொடங்குகிறது. மருந்தை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் அவரை டீக்கடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் பழையபடி கூப்பிடுங்கள். "வாங்கண்ணே!" என்ற ஒரு சொல் போதும், ஊர் தம்மைக் கைவிடவில்லை என்று அவர் அறிந்துகொள்வார்.