பந்தி முடிந்த பிறகு ஒரு மேசை

புரட்டாசி சனிக்கிழமை. கோலாலம்பூருக்கு வெளியே உள்ள ஓர் ஆலயத்தில் அன்னதானம். பரிமாறும் வரிசையில் நானும் நின்றிருந்தேன். சாப்பிட்டு முடித்த ஒரு பாட்டி, மூன்று பேருக்குக் கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

"ஆளுக்கு ஒன்றுதான் பாட்டி" என்றார் பக்கத்தில் நின்ற இளைஞர்.

"பேரப்பிள்ளைங்க வீட்டுல இருக்காங்க தம்பி. நான் ஒருத்தி தின்னா போதுமா?"

கட்டிக் கொடுத்தோம். கூட்டம் குறைந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். மூத்த பேரனின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று இருக்கிறதாம். மருமகள் வெளிநாட்டவர். கல்யாணத்தைப் பதியவில்லை. "தாலி கட்டினா போதும்னு நினைச்சோம்" என்றார். எந்தக் கோயிலில் என்று கேட்டேன். கையைத் தூக்கி மணவறைப் பக்கம் காட்டினார். இதே கோயில்தான்.

அன்று நாங்கள் அவருக்கு ஒரு வேளைச் சோறு போட்டோம். அவருடைய வறுமைக்கான ஒரு காரணம் எங்கள் கண்முன்னேதான் நடந்திருக்கிறது.

பசிக்குப் பின்னால் இருப்பது

பசித்தவருக்குச் சோறிடுவது நம் மரபில் ஊறியது. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் எரிகிறது. மலேசியாவில் அன்னதானம் இல்லாத திருவிழாவே இல்லை. ஆனால் இலை எடுத்த பிறகு, அந்தக் குடும்பம் ஏன் மறுபடியும் வரிசையில் நிற்கிறது என்று நாம் கேட்பதில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2016இல் நாட்டின் வறுமை விகிதம் வெறும் 0.4 விழுக்காடு என்றது அரசாங்கக் கணக்கு. 2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டே வறுமைக் கோடு மாதம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. புதிய கோட்டின்படி 2019இன் விகிதம் 5.6 விழுக்காடு. ஏழைகள் திடீரென்று முளைத்துவிடவில்லை. முன்பு கணக்கில் வராதவர்கள் கணக்கில் வந்தார்கள்.

ஆலயம் என்ன செய்யலாம்?

அக்டோபர் 17, அனைத்துலக வறுமை ஒழிப்பு நாள். 1987இல் பாரிஸில் தொடங்கியதை 1992இல் ஐநா ஏற்றது. புரட்டாசி முடியும் நாட்களையொட்டி வருவதால், கடைசிச் சனிக்கிழமை அன்னதானத்தோடு ஒரு நிகழ்ச்சியாகவே இதை நடத்தலாம். பெரிய செலவில்லை. பந்தலின் ஓரத்தில் மூன்று மேசைகள் போதும்.

முதல் மேசை ஆவணங்களுக்கு. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு இவற்றில் என்ன குறை, பதிவு இலாகாவுக்கு எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று சொல்லும் இடம்.

இரண்டாவது மேசை உதவிகளுக்கு. இ-காசே வறியோர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, சமூக நல இலாகாவின் மாத உதவிக்குத் தகுதி உண்டா என்று பார்த்து, மலாய் பாரங்களை நிரப்பிக் கொடுக்கலாம். ஆலயத்துக்கு வரும் இளம் வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

மூன்றாவது மேசை கேட்பதற்கு. வாடகை பாக்கி, வேலை, பள்ளிப் பேருந்துக் கட்டணம் என்று சொல்வதைப் பெயரில்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். மேசைகள் சாப்பாட்டு வரிசையின் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். படம் எடுக்க வேண்டாம். உதவி கேட்டவரின் முகம் அன்று மாலையே வாட்சாப் குழுக்களில் சுற்றினால், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார்.

குறித்ததைக் கொண்டுபோக வேண்டும்

குறிப்பேடு அலமாரிக்குப் போனால் பயனில்லை. 'இத்தனை குடும்பங்களுக்கு இந்தக் குறை' என்று ஒரு பக்கத்தில் எழுதி, சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட அலுவலகத்திலும் கொடுத்து, மூன்று மாதத்தில் பதில் கேட்க வேண்டும். பக்கத்துத் தேவாலயமும் குருத்வாராவும் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் வலு.

"கோயிலில் அரசியல் வேண்டாம்" என்பார்கள் சில நிர்வாகத்தினர். நியாயமான கவலைதான். அதற்குக் கட்சிக் கொடியும் மேடை மாலையும் வேண்டாம் என்று முடிவெடுத்தால் போதும். பக்தரின் குறையை உரிய இடத்தில் சொல்வது அரசியலாகாது.

ஆலயமே உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் சட்டப்படி பதிவாக வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் குடியுரிமையே வரும். தாய் வெளிநாட்டவர் என்றால் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே "பதிவு முடிந்ததா?" என்று கேட்டுவிட்டால், ஒரு பிள்ளையின் எதிர்காலம் தப்பும்.

அந்தப் பாட்டியின் பேரனுக்காக ஒரு வழக்கறிஞர் இப்போது பத்திரங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறார். எளிதில் முடியாது என்று சொல்லிவிட்டார். பாட்டி சனிக்கிழமைகளில் இன்னமும் வருகிறார்; மூன்று பேருக்குக் கட்டிக் கொடுக்கிறோம். அடுத்த அன்னதானத்துக்கு உபயம் எழுதும்போது, அரிசி பருப்போடு ஒரு மேசைக்கும் நாற்காலிக்கும் சேர்த்து எழுதுங்கள்.