'இன்ட்ரஸ்ட்' என்றால் வட்டி மட்டுமா?

கடலூர் முதுநகரில் மளிகைக் கடை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன்பு சிதம்பரத்திலுள்ள என் வீட்டுக்கு ஒரு கடிதத்துடன் வந்தார். வீட்டை அடமானம் வைத்துத் தொழில் கடன் பெற்றிருந்த அவருக்கு, கடன் கொடுத்த வங்கி ஆங்கிலத்தில் அனுப்பிய அறிவிப்பு அது. 'செக்யூரிட்டி இன்ட்ரஸ்ட்' என்ற தொடர் அதில் பலமுறை இடம்பெற்றிருந்தது. 'வட்டி பாக்கி என்று எழுதியிருக்கிறார்கள், ஐயா. தை பிறந்ததும் கட்டிவிடுகிறேன்' என்றார். கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். 40 நாள்கள் கடந்திருந்தன.

அது வட்டியைப் பற்றிய கடிதமல்ல; அவர் குடியிருக்கும் வீட்டைப் பற்றியது. வாராக்கடனுக்கு ஈடாக உள்ள சொத்தை, வழக்குத் தொடுக்காமலேயே வங்கி கையகப்படுத்த வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் 'சர்ஃபாசி' சட்டத்தின் முழுப் பெயரிலேயே இத்தொடர் உள்ளது. இங்கே 'இன்ட்ரஸ்ட்' என்பதற்கு உரிமை என்று பொருள். அடமானச் சொத்தின் மீது வங்கிக்குள்ள பிணைய உரிமையையே அத்தொடர் குறிக்கிறது. அறிவிப்பு நாளிலிருந்து 60 நாள்களுக்குள் கடன் முழுவதையும் தீர்க்காவிட்டால், அந்த உரிமையை வங்கி செயல்படுத்தலாம். வேளாண் நிலத்துக்கு இச்சட்டம் விலக்களிக்கிறது. வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை.

ஒரே சொல் எப்படி இத்தனை பொருள்களைச் சுமக்கிறது? அதன் லத்தீன் வேருக்கு 'இடையில் இருப்பது' என்று பொருள். அதிலிருந்து 'ஒருவருக்கு முக்கியமாக இருப்பது' என்ற பொருளும் விரிந்தது. இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவமெனத் தடுத்தது. ஆனால், கடன் குறித்த நாளில் திரும்பாததால் கொடுத்தவருக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு பெறுவதைச் சட்ட அறிஞர்கள் ஏற்றனர். அந்த இழப்பீட்டுக்கு வழங்கிய சொல்லே, பின்னர் வட்டிக்கான பொதுச் சொல்லாயிற்று.

பொருளியல் வகுப்பிலும் இச்சொல் வேறுவேறு வேடம் பூணும். 1776-இல் ஆடம் ஸ்மித் பேசியது மனிதரின் தன்னலத்தை. 1936-இல் வெளியான கீன்ஸின் நூல் தலைப்பில் அதே சொல் வட்டியைக் குறிக்கிறது. ஆர்வம், அக்கறை, நலன், உரிமை, வட்டி என எப்பொருளில் வந்தாலும், ஒருவருக்கும் ஒரு பொருளுக்கும் இடையிலுள்ள பிணைப்பே அடிப்படை.

தமிழின் நிலை வேறு. சோழர் காலக் கல்வெட்டுகள் வட்டியைப் 'பொலிசை' என்கின்றன. பெருகுதலைக் குறிக்கும் 'பொலி' என்ற வேரிலிருந்து வந்த அச்சொல்லுக்கும் உரிமைக்கும் தொடர்பில்லை. ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் அடக்கியதை நாம் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எனவே, மொழிபெயர்ப்பவர் இடமறிந்து சொல்லைத் தேர்ந்தாக வேண்டும்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடமானத்துக்கு இலக்கணம் கூறும் 58-ஆவது பிரிவின் முதல் கூறிலேயே 'இன்ட்ரஸ்ட்' இரு பொருள்களில் வருகிறது. முதலில், சொத்தில் மாற்றித் தரப்படும் உரிமை. சில வரிகள் தள்ளி, அசலோடு சேரும் வட்டி. செய்திகளில் சுயநலக் கூட்டத்தைக் குறிக்கும் 'வெஸ்டட் இன்ட்ரஸ்ட்' என்ற தொடர், அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவில் ஒருவரை உறுதியாக வந்தடைந்துவிட்ட உரிமையைக் குறிக்கிறது. அங்கே அது வசைச்சொல் அல்ல.

காட்டுமன்னார்கோவில் பகுதியில் குத்தகைக்கு நெல் பயிரிடும் விவசாயிக்கும் இச்சொல் தேவைப்படுகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகை விவசாயிகளையும் ஏற்கிறது. பயிரில் அவர்களுக்குக் 'காப்பீட்டு இன்ட்ரஸ்ட்' இருக்க வேண்டும் என்கிறது. இங்கே அதன் பொருள் வட்டியுமல்ல, விருப்பமுமல்ல. பயிர் மூழ்கினால் இழப்பு யாருடையதோ, அவருக்குள்ள நலன் என்பதே பொருள். நிலம் தன் பெயரில் இல்லாததால் தனக்கு உரிமையில்லை என்று ஒதுங்கும் குத்தகைதாரருக்கு இதை யாரேனும் தமிழில் விளக்கியாக வேண்டும்.

ரிசர்வ் வங்கி நல்லதொரு தொடக்கத்தைச் செய்துள்ளது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் தனிநபர் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான காலக் கடன்களுக்கும், முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தந்து விளக்க வேண்டும் என்பது அதன் உத்தரவு. கடன் கொடுக்கும் நாளில் காட்டும் இந்த அக்கறை, வீட்டைக் கேட்கும் நாளிலும் வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு எதுவாயினும் அதனுடன் தமிழ் வடிவம் இணைக்கப்படுவதும், அதில் 'பிணைய உரிமை' என்று தெளிவாக எழுதப்படுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

சரியான சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்குப் 'பொதுநல வழக்கு' என்ற தொடரே சான்று. அதன் ஆங்கில மூலத்திலும் இருப்பது இதே 'இன்ட்ரஸ்ட்'தான். அதைச் சரியாகப் பெயர்த்ததால், இன்று கிராமத்துத் தேநீர்க் கடையிலும் அதன் பொருள் விளங்குகிறது.

என் மாணவர் எஞ்சிய நாள்களுக்குள் வழக்குரைஞரைக் கண்டு ஆட்சேபத்தை எழுத்தில் அளித்தார். அதற்கு வங்கி 15 நாள்களில் பதில் தரவேண்டும் என்பதும் சட்டமே. தை வரை அவர் காத்திருந்தால், அந்த வாய்ப்பே இருந்திருக்காது.