பழைய கூடைக்குப் புது வண்ணம்

பரணில் கிடக்கும் பழைய கூடையைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று அடிப்பகுதி, மற்றது வாயைச் சுற்றியிருக்கும் கட்டு. இவை இரண்டும் உறுதியாக இருந்தால் கூடை பிழைத்துவிட்டது. அழுக்கு, மங்கிய நிறம், நடுவில் அறுந்த ஓரிரு பட்டை எல்லாம் வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவைதான். ஆனால் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன் அது எதனால் முடைந்த கூடை என்று தெரிய வேண்டும். பூசிய வண்ணம் நிற்பதும் உரிவதும் அதைப் பொறுத்தது.

நம் வீடுகளில் புழங்குபவை பெரும்பாலும் மூங்கில் கூடைகள்; அடுத்தபடியாகப் பிரம்புக் கூடைகள். மூங்கில் புல் இனம். உள்ளே கூடு, கணுவுக்குக் கணு அடைப்பு. பிரம்போ பனைக்குச் சொந்தம். கொக்கி போன்ற முட்களால் மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி அது. காட்டில் 100 மீட்டரைத் தாண்டி நீளும் இனங்களும் உண்டு. உலகில் ஏறத்தாழ 600 வகைப் பிரம்புகள் இருக்கின்றன. கலாமஸ் ரோடாங் என்ற வகை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, கொள்ளிடத்தை ஒட்டிய தைக்கால் ஊர் வழியாகப் போனவர்களுக்குப் பிரம்பு அறிமுகம் தேவையில்லை. ஊஞ்சலும் நாற்காலியும் தொட்டிலும் அங்கே சாலையோரக் கடைகளில் தொங்கும்.

பிரம்பின் உட்புறம் கெட்டி. ஆனாலும் அந்தக் கெட்டிக்குள் நீர் ஏறுவதற்கான நுண்குழாய்கள் நெடுகிலும் ஓடுகின்றன. விரல் நீளத் துண்டு ஒன்றின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் வாய்வைத்து ஊதினால் குமிழி வரும். வாசனை எண்ணெய்க் குப்பிகளில் பிரம்புக் குச்சியைச் செருகி வைப்பது இதனால்தான். எண்ணெய் அந்தக் குழாய்கள் வழியே மேலேறி வாசனையைப் பரப்புகிறது. தோல் சீவிய பிரம்பு வண்ணத்தை உறிஞ்சுவதற்கும் இந்தக் குழாய்களே காரணம். தோலோடு இருக்கும் பிரம்பு அப்படியல்ல. அதன் மேற்பரப்பில் மணற்சத்தான சிலிக்கா படிந்திருக்கும். வழுவழுப்பும் பளபளப்புமாக இருக்கும் அந்தத் தோலில் வண்ணத்துக்குப் பிடிமானம் கிடையாது. மூங்கில் பட்டையிலும் இதே கதைதான். தோல் பக்கம் தள்ளும், உட்பக்கம் குடிக்கும்.

இதை அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். கூடையின் மேல் விடுங்கள். சொட்டு உருண்டு நின்றால் அது தோல், அல்லது பழைய வார்னிஷ். அங்கே 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பு உண்டாக்கி, பிரைமர் ஒரு கோட்டு கொடுத்தால்தான் மேற்பூச்சு நிற்கும். சொட்டு உடனே உள்ளே இறங்கினால் தேய்க்க வேண்டிய வேலையே இல்லை. நல்ல தோல் பிரம்பில் முடைந்து, இயல்பான தேன் நிறத்தில் மின்னும் கூடை கிடைத்திருந்தால் அதற்கு வண்ணமே பூச வேண்டாம் என்பது என் கருத்து. துடைத்து, ஒரு கோட்டு வார்னிஷ் மட்டும் கொடுங்கள். நிறம் செத்துத் திட்டுத்திட்டாகக் கறுத்த கூடைக்குத்தான் வண்ணம் உதவி.

இனி முடைதலைக் கவனியுங்கள். செங்குத்தாக நிற்கும் குச்சிகளுக்கு இடையே ஒரே பட்டை முன்னும் பின்னுமாகச் சுற்றி வரும் கூடைகளில், நிற்கும் குச்சிகளை எண்ணினால் ஒற்றைப்படையாக வரும். இரட்டைப்படையாக இருந்தால், பட்டை ஒரு சுற்று முடித்து வரும்போது போன சுற்றில் எந்தக் குச்சிக்கு முன்னால் போனதோ அதே குச்சிக்கு முன்னால்தான் மறுபடியும் போகும். பின்னல் மாறி மாறி விழாது, கூடையும் நிற்காது. ஒரு குச்சி கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் முறை தானாக மாறிவிடுகிறது. ஆணியும் பசையும் இல்லாமல், பட்டைகள் ஒன்றையொன்று அழுத்தும் உராய்வை மட்டுமே நம்பி நிற்கிறது இந்தக் கட்டுமானம்.

அதனால் கூடை எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். தூக்கினால் பட்டைகள் நழுவும், வைத்தால் திரும்பும். மழைக்காலத்து ஈரக் காற்றில் ஒவ்வொரு பட்டையும் குறுக்குவாக்கில் பருக்கிறது, கோடையில் சுருங்குகிறது. நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. பூச்சு விரியும் இடம் பெரும்பாலும் பட்டையும் பட்டையும் உரசும் குறுக்கு முனைதான். கூடைக்குப் பூசும் வண்ணம் அதன் அசைவோடு சேர்ந்து வளைந்து கொடுக்க வேண்டும். வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

கடையில் கேட்டால் எனாமல், எமல்ஷன் இரண்டையும் எடுத்து வைப்பார்கள். எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பிசின் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வலைபோல் பிணைந்து காய்கிறது. அந்தப் பிணைப்பு வேலை காய்ந்த பிறகும் ஓய்வதில்லை. வருடம் போகப் போகப் படலம் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. இரும்புக் கதவுக்கு அது பரவாயில்லை. அக்ரிலிக் எமல்ஷனில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி, வளையக்கூடிய மெல்லிய படலமாகிவிடுகின்றன. நெடியும் குறைவு. கூடைக்கு எமல்ஷன்தான் சரி.

கூடையில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருந்தால் எச்சரிக்கை தேவை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வண்ணத்தில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கூடையையே தொட வேண்டாம் என்பேன்.

கூடைக்கு அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் உளு விழுந்திருக்கிறது என்று பொருள். மூங்கிலில் இருக்கும் மாச்சத்தைத் தேடித் துளைக்கும் சின்ன வண்டுகளின் வேலை அது. மூங்கில் பதப்படுத்துவோர் இதற்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப் பதப்படுத்திய கூடையில் உண்ணும் பொருளை வைக்கக் கூடாது. உளு இருக்கும்போதே மேலே வண்ணம் பூசினால் உள்ளே தின்பது நிற்காது.

வேலையைத் தொடங்கும்போது பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்குத் தூசியை எடுத்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். உச்சி வெயிலில் காய்ந்தால் பட்டை முறுகி வெடிக்கும். விலகிய பட்டையை உலர்ந்தபடியே வளைத்தால் ஒடியும். ஈரத்துணியைச் சுற்றி ஊறவிட்டால், நார்களைப் பிணைத்திருக்கும் பொருள் நெகிழ்ந்து, சொன்னபடி வளையும். உள்ளே செருகி, காய்ந்த பின் நுனியில் ஒரு துளி ஃபெவிகால் வைத்தால் போதும்.

கூடையைக் கவிழ்த்து வைத்துப் பூச ஆரம்பியுங்கள். எமல்ஷனில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, பிரஷ்ஷின் நுனியை மட்டும் நனைத்து, முதலில் குறுக்கு முனைகளில் குத்திக் குத்திப் பூசுங்கள். பிறகு பட்டையின் போக்கிலேயே இழுங்கள். கெட்டியாக ஒரே கோட்டில் முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்தால் கண்ணறைகள் அடைபடும், பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கூடையைத் தூக்கிய முதல் நாளே மூலைகளில் செதில் செதிலாக உரியும். மெல்லிய கோட்டுகள் இரண்டோ மூன்றோ, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

கூடைக்குப் பூசுவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பழைய தாள்களை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, அந்தக் கூழை முறத்துக்கும் கூடைக்கும் பூசிக் காயவைப்பது முந்தைய தலைமுறைப் பெண்களின் வழக்கம். ஊறிய வெந்தயத்தின் வழவழப்பு கேலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலியால் வருவது. தாளின் நாரை மூங்கிலோடு பிடித்து வைப்பது அதுதான். சந்துகள் அடைபட்டு, பொடி அரிசியும் மாவும் சிந்தாமல் நின்றன. இன்றும் செய்து பார்க்கத் தகுந்த பூச்சு இது; மாவு, நொய் வைக்கும் கூடைக்கு எமல்ஷனைவிட இதுவே ஏற்றது.

வண்ணம் பூசிய கூடையில் துணி, நூல்கண்டு, விளையாட்டுச் சாமான், புத்தகம் வைக்கலாம். வெங்காயம், உருளைக்கிழங்குக்கு என்றால் வெளிப்புறம் மட்டும் பூசி உட்புறத்தை அப்படியே விடுங்கள். கண்ணறைகள் திறந்திருந்தால் காற்றோட்டம் கிடைத்து அழுகல் குறையும். தொட்டுப் பார்த்தால் எமல்ஷன் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்ததுபோல் இருக்கும். முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கனமான எதையும் வைக்காமல், மடித்த துணிகளை மட்டும் அடுக்கி வையுங்கள்.