சில்லறை மறைந்த காலத்துச் செப்பு வில்லைகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861-ஆம் ஆண்டின் இறுதியில் வங்கிகள் தாள்பணத்துக்கு ஈடாகப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதை நிறுத்தியதும் காசுப் பதுக்கல் தொடங்கியது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் செம்பும் நிக்கலும் கலந்த ஒரு சென்ட் காசும் புழக்கத்திலிருந்து மறைந்துவிட்டதால், ரொட்டிக்கும் பீருக்கும் மீதிச் சில்லறை கொடுக்க வழியின்றி வடமாநிலக் கடைக்காரர்கள் திணறினர். சில்லறையாகக் கைமாறிய அஞ்சல்தலைகள் ஒட்டிக்கொண்டும் கிழிந்தும் பயனற்றுப்போகவே, ஜான் கால்ட் என்பவர் அவற்றைப் பித்தளைக் கூட்டில் மைக்கா மூடியுடன் அடைத்து 1862 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார் எனினும், தட்டுப்பாடு அதனால் தீரவில்லை.

இக்குறையை ஈடுசெய்ய வணிகர்கள் தாங்களே அச்சிட்டு வெளியிட்டவையே செப்பு வில்லைகள், அதாவது அரசு முத்திரை இல்லாமல் காசுபோல் கைமாறிய தனியார் உலோகத் துண்டுகள். பெரும்பாலும் 1863-இல், ஒரு சென்ட் காசின் அளவான 19 மில்லிமீட்டர் விட்டத்தில் அச்சான இவை ஏறத்தாழ இரண்டரைக் கோடி என மதிப்பிடப்படுகின்றன. கடையின் பெயரும் ஊரும் பொறித்தவற்றைக் கடை வில்லைகள் என்றும், கொடி, தலைவர் உருவம், போர் முழக்கம் ஆகியவற்றைத் தாங்கியவற்றை நாட்டுப்பற்று வில்லைகள் என்றும் சேகரிப்பாளர்கள் பிரிக்கின்றனர். சிலவற்றில் ‘ஒரு சென்ட்’ என்பது பெரிதாகவும், அதை மறுக்கும் ‘அல்ல’ என்னும் சொல் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவில் சிறிதாகவும் இருப்பது, சட்டத்துக்கு அஞ்சியும் வாடிக்கையாளரை இழக்க மனமின்றியும் செய்த தந்திரம்.

நியூயார்க் மதுக்கடைக்காரர் குஸ்டாவஸ் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகளை வெளியிட்டார். அவற்றைக் கட்டணமாக வாங்கிக் குவித்த டிராம் நிறுவனம் ஈட்டுப்பணம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். 1864 ஏப்ரல் 22-ஆம் நாள் சட்டம் தனியார் சென்ட் வில்லைகளைத் தடைசெய்தது. ஆனால் அதே சட்டம் நிக்கலைக் கைவிட்டு மெல்லிய வெண்கலக் காசுக்கு மாறியதும், மெல்லிய செப்புத் துண்டை மக்கள் தயங்காமல் ஏற்பார்கள் என்பதை இவ்வில்லைகள் முன்பே காட்டியிருந்ததும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

சேகரிப்புக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது மெல்வின் ஃபுல்டும் அவருடைய மகன் ஜார்ஜ் ஃபுல்டும் தொகுத்த பட்டியல்களே. அவற்றின் அருமை அளவுகோலில் முதற்படி ஐயாயிரத்துக்கு மேல் எஞ்சியவற்றையும், பத்தாம் படி ஒன்றே ஒன்று எஞ்சியதையும் குறிக்கும். போர்க்காலத்திலேயே சேகரிப்பாளர்களுக்கென்று வெள்ளியில் தனியே அச்சிட்டவை அருமைப்பட்டியலில் உயர்ந்து நிற்பினும், கடை மேசையை ஒருநாளும் காணாத அவற்றைவிடத் தேய்ந்த செப்பு வில்லையே வரலாற்றுச் சான்றாகப் பெறுமதி மிக்கது. சின்சினாட்டி போன்ற நகரங்களில் அச்சு வெட்டியோர் ஒரே பின்புற அச்சைப் பல ஊர்க் கடைகளுக்குப் பயன்படுத்தியதால், அவ்வச்சில் விழுந்த வெடிப்பு வில்லைக்கு வில்லை நீண்டுசெல்வதை உருப்பெருக்கியில் ஒப்பிட்டு, எக்கடையின் வில்லை முந்தியது என்பதைச் சேகரிப்பாளர்கள் கண்டறிகின்றனர்.