ரிமோட்டை அழுத்தினால் ஏறும் ஷட்டர்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதுவரை பழைய காரையே புதுக்கிப் புதுக்கி ஓட்டினோம். சென்ட்ரல் லொக், அலாரம், அவற்றோடு சேர்த்துப் பூட்டும் ஷட்டர்ப் பெட்டி என்று ஒவ்வொன்றாய் ஏறின. காரைப் பூட்டிய உடன் இறங்கியிருக்கும் பவர் ஷட்டர்களை இந்தப் பெட்டி தானே ஏற்றிவிடும். காலை வெயிலுக்குக் கொஞ்சம் இறக்கிவிட்ட கண்ணாடி பின்னேர மழையில் இருக்கையை நனைத்துவிடுகிற கண்டியில் இது பயனுள்ள வசதிதான்.

ஆனால் பொருத்துமுன் கராஜ்காரரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஏறும் கண்ணாடியின் வழியில் ஒரு பிள்ளையின் விரல் இருந்தால் கண்ணாடி திரும்பி இறங்குமா?

கம்பனி பொருத்திய ஓட்டோ ஷட்டர் பெரும்பாலும் இறங்கும். 4 முதல் 200 மில்லிமீற்றர் வரையான இடைவெளியில், அழுத்தம் 100 நியூட்டனை, அதாவது ஏறக்குறைய 10 கிலோ பாரத்தை, தாண்டுமுன் கண்ணாடி திரும்ப வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் 21ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி. அப்படித் திரும்பாத கண்ணாடியை ரிமோட்டால் ஏற்றுவதானால், பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. கார் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்தும் இயங்கும் ரிமோட் என்றால், 6 மீற்றருக்கு அப்பாலிருந்து அது கண்ணாடியை மூடக்கூடாது. மலிவான பெட்டிக்கோ ஒரு தட்டுப் போதும். தட்டிவிட்டு நாம் முதுகைக் காட்டி நடந்துவிடுகிறோம். பின் இருக்கையில் தூங்கி எழுந்த பிள்ளை கையை வெளியே நீட்டியிருந்தாலும் தெரியாது. பெட்டி நேரே மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால், காரிலேயே இருந்த திருப்பும் பாதுகாப்பும் வேலை செய்யாமல் போய்விடும். ஆகவே பொருத்தி முடித்ததும், காசு கொடுக்குமுன், கண்ணாடியின் வழியில் ஒரு கரட்டை வைத்துப் பூட்டிப் பாருங்கள். கையை வைத்துப் பார்க்கவே வேண்டாம். கரட் நசுங்கினால் பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறு, கண்ணாடி பாதியில் நிற்பது. கண்ணாடி உச்சிக்குப் போய் முட்டும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடும். அதை வைத்துத்தான் பல பெட்டிகள் மூடிவிட்டதாக முடிவு செய்கின்றன. ஓரத்து ரப்பர் காய்ந்து இறுகினாலும், தூசி அடைத்தாலும் அதே அளவு மின்சாரம் கூடும், பெட்டி ஏமாந்துபோகும். முதலில் கதவிலுள்ள சுவிட்சால் ஏற்றிப் பாருங்கள். அதிலும் மெதுவாகத்தான் ஏறுகிறதென்றால் குறை பெட்டியில் இல்லை. ரப்பரைத் துடைத்து சிலிக்கன் ஸ்ப்ரே அடித்தாலே பல கார்களில் சரியாகிவிடும். கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிக் கெடும். பெட்டரி தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். குறிப்பிட்ட வினாடிகள் மட்டும் இயங்கும் பெட்டியாயின், மெதுவாக ஏறும் கண்ணாடிக்கு அந்த நேரம் போதாது. சிலர் இதற்கு மருந்தாக, தடையைக் கண்டு நிற்கும் அளவைக் கூட்டி வைப்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள், விரலைக் காக்கும் அந்த ஒரே வழியும் அதோடு போய்விடும்.

பூட்டினால் கண்ணாடி இறங்குகிறதா? மோட்டாரின் இரு வயர்களும் மாறிப்போயிருக்கும். பூட்டியும் அசையவில்லையென்றால் பியூஸைப் பாருங்கள். அது சரியென்றால் லொக் கொடுக்கும் சமிக்ஞை நேர்மின்னா, பூமியா என்பதைத் தவறாக எடுத்து இணைத்திருக்கலாம். ஒரே தட்டில் ஏறிய கண்ணாடி இப்போது ஏறாமல் சுவிட்ச் விளக்கு மின்னினால், பல ஜப்பானியக் கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றி சுவிட்சைச் சில வினாடிகள் பிடித்திருந்தால் பழைய நிலைக்கு வரும். முறை கார்க் கைநூலில் இருக்கும்.

காலையில் பெட்டரி இறங்கிக் கிடந்தால், காரைப் பூட்டிச் சிறிது நேரம் விட்டு மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஓய்வில் இருக்கும் கார் பொதுவாக 50 மில்லி அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். பெட்டியின் பியூஸைக் கழற்றியதும் அளவு விழுந்தால் கள்வன் அதுதான்.

இனிப் பற்றுச்சீட்டு. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பெட்டியின் பெயர், பொருத்துக்கூலி, உத்தரவாதக் காலம் மூன்றையும் அதில் எழுதி வாங்குங்கள். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் அதே சட்டப்படி உள்ளடங்கியிருக்கிறது. ஆகவே “சாமானில்தான் பிழை, வயரிங்கில் இல்லை” என்று கை கழுவ முடியாது. கடைக்காரர் சரிசெய்யாவிட்டால், பொருத்திய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. துரித இலக்கம் 1977. தவணை தப்பிப்போனவர்கள் பிரதேச மத்தியஸ்த சபையை நாடலாம். பலர் முதல் மாதம் முழுவதும் “நாளைக்கு வாங்க” என்ற சொல்லை நம்பியே கழித்துவிடுகிறார்கள். அந்த நாட்களும் மூன்று மாதத்துக்குள்தான் சேரும்.

முறைப்பாடு முடியும் வரை பெட்டியின் பியூஸைக் கழற்றி வையுங்கள். வழக்கமான முறையில் ரிலே வழியாக இணைத்திருந்தால், கதவுச் சுவிட்சுகள் முன்போலவே இயங்கும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கையால் ஏற்றலாம். கதவு சூடானாலோ வயர் கருகும் வாடை வந்தாலோ பெட்டரி இணைப்பையே கழற்றிவிட்டு ஆட்டோ இலக்ட்ரீஷியனை அழையுங்கள்.