கொல்லிமலையும் சைக்கிள் பல்லும்

சைக்கிளைப் போல் சாதுவான வாகனம் உலகத்தில் வேறில்லை. அது புல் கேட்பதில்லை, பெட்ரோல் கேட்பதில்லை. திண்ணை ஓரத்தில் சாத்தி வைத்தால் சாத்தின இடத்திலேயே நிற்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பையனையும், தபால்காரரையும், பால்காரரையும், பின்னால் இரண்டு மூட்டை நெல்லையும் ஒரே மாதிரிப் பொறுமையுடன் சுமந்து செல்லும். அப்படிப்பட்ட சைக்கிளும் ஓரிடத்தில் முரண்டு பிடிக்கிறது. அந்த இடம் மலையடிவாரம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதியிருக்கிறார்கள். சோளக்காடு, செம்மேடு என்று மேலே போனால், மலையின் தலையில் பரந்த பூமி. அந்தப் பூமியை நம் முன்னோர் 'நாடு'களாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று வரும் அந்த வரிசையில் வாழவந்தி நாடும் ஒன்று. வாழ வந்தவர்களின் நாடு என்று பொருள் கொள்ளும்படி எவ்வளவு அழகான பெயர்! இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' எனப்படும் பழங்குடி மக்கள். கேரள தேசத்து மலையாளிகள் என்று நேயர்கள் மயங்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்றே கொள்ளலாம். மிளகும், காப்பியும், பலாவும், அன்னாசியும், சாமையும், தினையும் அவர்கள் உழைப்பில் விளைகின்றன.

சங்க காலத்தில் இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். குதிரை ஏறிய மலையில் சைக்கிள் ஏறாதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஏறும். ஆனால் அதற்கு ஒரு கணக்குத் தெரிய வேண்டும்.

பல்லின் கணக்கு

நம் ஊர்களில் நாள்தோறும் காணும் கறுப்புச் சைக்கிளை நிறுத்திவைத்துப் பாருங்கள். பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரத்தில் பெரும்பாலும் 44 பற்கள் இருக்கும். பின் சக்கரத்திலுள்ள சிறிய பிரீவீலில் 18 பற்கள் இருக்கும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் குறுக்களவு 28 அங்குலம். ஆகவே ஒரு மிதிச் சுற்றில் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் ஓடிவிடுகிறது. சமவெளியில் இது பெரிய லாபம். தஞ்சாவூரிலோ மதுரைச் சீமையிலோ இதைவிட நல்ல கணக்கு வேண்டியதில்லை.

இதே வண்டியைப் பத்து அடிக்கு ஓரடி உயரும் மேட்டில் ஏற்றுவோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. ஐந்தரை மீட்டர் முன்னே போகும்போது அந்த 90 கிலோவையும் அரை மீட்டருக்கு மேல் தூக்கியாக வேண்டும். அதே சமயத்தில், ஆறரை அங்குல நீளமுள்ள கிராங்கின் நுனியில் கால் வட்டமிடும் தூரமோ ஒரு மீட்டர்தான். கணக்குப் போட்டால், பெடலின்மேல் சராசரியாக 47 கிலோ அழுத்தம் இடைவிடாமல் விழ வேண்டும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது மிதித்தும் பயனில்லை. அந்த நஷ்டத்தையும் ஈடுகட்ட, கால் கீழே இறங்கும் வேளையில் 74 கிலோ அழுத்த வேண்டியிருக்கிறது. சாலையின் உராய்வை இதில் நாம் சேர்க்கவேயில்லை.

மிதிப்பவரின் எடை எவ்வளவு? 70 கிலோ! ஆசனத்தை விட்டு எழுந்து, முழு உடம்பையும் ஒற்றைக் காலில் நிறுத்தினாலும் பெடல் இறங்காது. கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்து, அந்தப் பலத்தையும் காலுக்குக் கொடுத்தால் நாலு மிதி போகலாம். அதற்குள் மூச்சு வாங்கிவிடும். பிறகு இறங்கித் தள்ள வேண்டியதுதான். 'பையனுக்கு வலுவில்லை' என்று சொல்வது எவ்வளவு அநியாயம்! வலுவில் குறைவில்லை, பல்லில்தான் குறை.

இப்போது இதே வண்டியில் முன்னால் 22 பல்லும் பின்னால் 34 பல்லும் வைப்போம். மலைச் சைக்கிள் என்று விற்கப்படும் வண்டிகளில் இத்தகைய அமைப்பு சாதாரணம். ஒரு மிதிச் சுற்றில் வண்டி ஒன்றரை மீட்டர்கூடப் போகாது. ஆனால் அழுத்த வேண்டியதோ 74 கிலோவுக்குப் பதில் 20 கிலோதான். சின்னப் பெண்கூடச் சிரித்த முகத்துடன் மிதிக்கலாம்.

கியர் எதைத் தருகிறது?

இதைக் கேட்டதும், கியர் நம் உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்று சிலர் நினைக்கக்கூடும். அது தவறு. 90 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டுமானால், அதற்குரிய வேலையைச் செய்தே தீர வேண்டும். எந்த யந்திரமும் அதில் ஒரு தம்பிடிகூடத் தள்ளுபடி செய்யாது. தேக சௌக்கியமுள்ள, ஆனால் பந்தயக்காரர் அல்லாத ஒருவர் நெடுநேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி உத்தேசமாக 100 வாட். அதாவது ஒரு குதிரைச் சக்தியில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சக்தியைக் கொண்டு 1,000 மீட்டர் ஏற ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பெரிய கடனைத் தவணை முறையில் அடைக்க வழி செய்கிறதே, அதுதான் கியரின் உபகாரம். கடன் குறைவதில்லை, தவணை சிறிதாகிறது.

கொல்லிமலைச் சாலையும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. செங்குத்தான மலைச்சரிவில் நேராகச் சாலை போட்டால் எந்த வண்டியும் ஏறாது. ஆகையால் சாலை அமைத்தவர்கள் அதை இப்படியும் அப்படியும் மடித்து, 70 வளைவுகளாக்கி, தூரத்தைப் பெருக்கி ஏற்றத்தைக் குறைத்தார்கள். எழுபது வளைவும் மலைக்குப் பூட்டிய கியர் என்றே சொல்லலாம்.

சாலை வருவதற்கு முன்னும் மலைவாசிகளுக்கு இந்தச் சாஸ்திரம் தெரிந்தே இருந்தது. தலையில் பலாப்பழக் கூடையுடன் ஒற்றையடிப் பாதையில் ஏறுகிற பெண்மணியைக் கவனியுங்கள். சமதரையில் எட்டி வைக்கும் கால், மேட்டில் குட்டை அடியாக மாறிவிடுகிறது. ஏற்றம் கடுமையாகும்போது அடி இன்னும் குறுகுகிறது. மூச்சு மட்டும் ஒரே சீராக இருக்கிறது. எந்தச் சைக்கிள் கம்பெனியும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. அவள் காலிலேயே கியர் இருக்கிறது. ஒற்றைப் பல் சைக்கிளோ, மேட்டிலும் பள்ளத்திலும் ஐந்தரை மீட்டருக்குக் குறைந்து அடி வைக்க மாட்டேன் என்கிறது.

பிரான்ஸில் ஒரு பிடிவாதம்

இந்த விஷயத்தில் மேல்நாட்டாரும் எளிதில் தெளிவு பெற்றுவிடவில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற மூன்று வேக யந்திரம் 1902-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே சிறு பல்சக்கரங்களை அடக்கி வைத்த அற்புதமான வேலைப்பாடு அது. பிரான்ஸில் ஸான் எத்தியேன் நகரத்தில் பால் தெ விவி என்பவர், 'வெலோஸியோ' என்ற புனைபெயரில் பத்திரிகை நடத்தி, பல கியர்களின் அருமையை 1930-இல் காலமாகும் வரையில் பிரசாரம் செய்து வந்தார்.

ஆனால் உலகப் பிரசித்தி பெற்ற பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தை நடத்தியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தசை பலத்துக்குத்தான் பந்தயம், யந்திரத்துக்கு அல்ல என்பது அவர்களுடைய சித்தாந்தம். 1910-இல் அந்தப் பந்தயத்தைப் பிரனீஸ் மலைகளின் உயர்ந்த கணவாய்கள் வழியாக நடத்தினார்கள். அந்த வருஷம் வெற்றி பெற்ற ஆக்தேவ் லாபீஸே சில ஏற்றங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. பிறகும் பல வருஷங்கள் பந்தயக்காரர்கள் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரம் பூட்டி, மலையடியில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி ஏறினார்கள். செயினை ஒரு பல்லிலிருந்து மற்றொரு பல்லுக்குத் தள்ளும் டிரெய்லர் கியரை அந்தப் பந்தயத்தில் அனுமதித்தது 1937-இல்தான்!

உலகத்திலேயே தேர்ந்த கால்களை உடையவர்களுக்கும் மலையில் கியர் வேண்டியிருந்தது என்றால், புத்தகப் பையுடன் போகும் பதினாறு வயதுச் சிறுமிக்கு வேண்டாமா?

நம் நாட்டு நிலைமை

ஒரு காலத்தில் நமக்குச் சைக்கிள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. சுதந்தரம் வந்த பிறகு, 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஸ்தாபனமும், 1951-இல் சோனிபட்டில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. பாரத நாடு சைக்கிள் உற்பத்தியில் உலகத்தின் முன்னணிக்கு வந்தது. இது நாம் பெருமைப்பட வேண்டிய காரியம்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். தண்ணீர் கொண்டுவரவும், சந்தைக்குப் போகவும், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் அவர்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு சக்கரம் பெண்ணுக்கு எவ்வளவு சுதந்தரம் தரும் என்பதை அந்த மாவட்டம் நிரூபித்தது. மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லாமல் சைக்கிள் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் நடத்தி வருவதும் சிறந்த தருமம்.

ஆனால் புதுக்கோட்டைப் பூமி பெரும்பாலும் சமவெளி. வாழவந்தி நாடு அப்படியல்ல. எழுபது வளைவையும் ஏறி முடித்துவிட்டால் மேலே எல்லாம் சமதரை என்று நினைக்கக் கூடாது. குக்கிராமத்துக்கும் குக்கிராமத்துக்கும் நடுவே மேடும் பள்ளமும், ஓடையும் சரிவுமாகவே இருக்கின்றன. வெளியூரார் ஆண்டுக்கொரு தடவை வந்து எழுபது வளைவையும் எண்ணிவிட்டுப் போகலாம். அங்கேயே வாழ்கிறவர்களுக்கோ பள்ளிக்கூடமும், சந்தையும், ஆஸ்பத்திரியும் தினம் ஒரு மேட்டுக்கு அப்பால் இருக்கின்றன. ஒற்றைப் பல் வண்டி அவர்களுக்குப் பாதி வழி வாகனம். பாதி வழி சுமை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபத்தொரு கியர் வைத்த வண்டிகள் நம் தேசத்திலேயே விற்பனையாகின்றன. அவற்றை நாம் எங்கே காண்கிறோம்? மேடு என்ற பெயருக்கு மேம்பாலத்தைத் தவிர வேறொன்றும் அறியாத நகரத்துக் கடற்கரைச் சாலைகளில்! நகரத்து இளைஞர்கள் தேகப் பயிற்சி செய்வதில் நமக்குச் சந்தோஷமே. ஆயினும், வேண்டாத இடத்தில் இருபத்தொன்றும், வேண்டிய இடத்தில் ஒன்றுமாகக் கியர்கள் பங்கிடப்பட்டிருப்பது நியாயமாகுமா?

செய்யக்கூடியது

இருபத்தொரு கியர் யாருக்கும் வேண்டாம். அதன் மெல்லிய உறுப்புகள் மலைச்சேற்றையும் மழையையும் பொறுப்பது கஷ்டம். பழுதானால் கிராமத்துச் சைக்கிள் கடையில் செப்பனிடுவதும் சிரமம். குடத்துக்குள் அடங்கிய மூன்று வேகம் போதும். சேறும் மழையும் அதை எளிதில் அணுகா.

அதுவும் இல்லையென்றால், மிகச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பின்னால் உள்ள 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போடச் சொல்லுங்கள். செயினைச் சற்று நீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முன்பு நாம் போட்ட கணக்கில் 74 கிலோவாக இருந்த அழுத்தம் 61 கிலோவாக இறங்கிவிடும். 70 கிலோ மனிதர் எழுந்து நின்றால் இப்போது பெடல் இறங்கும். முடியாத காரியத்துக்கும் முடிகிற காரியத்துக்கும் நடுவே நின்றவை நாலே நாலு பற்கள்! சமதரையில் வேகம் கொஞ்சம் குறையும். மலைநாட்டில் அது பெரிய நஷ்டமன்று.

ஏறியவர் இறங்கவும் வேண்டும் அல்லவா? ஆகவே பிரேக்குக் கட்டைகள் தேய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றிவிட வேண்டும். இறக்கத்தில் ஒரே பிரேக்கை நம்பாமல் இரண்டையும் பயன்படுத்த வேண்டும். மலை ஏறுகிறவனைக் களைக்கத்தான் வைக்கும். இறங்குகிறவன் அஜாக்கிரதையாக இருந்தால் மன்னிக்காது.

மாணவர்களுக்கு வண்டி வழங்குகிறவர்களும், வண்டி செய்கிறவர்களும் இந்த நாலு பல் கணக்கைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும். சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று இரண்டு விதமாக வாங்குவதில் என்ன தடை இருக்கிறது? கம்பளியைச் சென்னைக்கும் உதகைக்கும் ஒரே கணமாகவா நெய்கிறோம்? சுதேசிச் சாமான் என்பது நம் நாட்டில் செய்த சாமான் மட்டும் அல்ல. நம் நாட்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பொருந்தும்படி செய்த சாமானே முழுச் சுதேசி.

மேட்டில் குட்டை அடி வைக்க வேண்டும் என்பது பலாப்பழக் கூடை சுமக்கும் அந்தப் பெண்மணிக்குத் தெரியும். அவளுடைய பேத்தியின் சைக்கிளுக்கும் அதைக் கற்றுக் கொடுத்துவிட்டால், வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் அவள் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள்.