கறுப்புக் காய்களில் எந்த ஓப்பனிங் ஆடலாம்? ஆனந்த், குகேஷ் ஆட்டங்கள் சொல்வது என்ன?

சென்னையின் இரண்டு உலக செஸ் சாம்பியன்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 2010 மே 11, சோஃபியா. டோபலோவுடன் 5.5-5.5 என்ற சமநிலையில், கடைசி 12-வது ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிங் லிரெனுடன் 6.5-6.5 என்ற நிலையில், கடைசி 14-வது ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்பு. இரண்டிலும் ஜெயித்தது கறுப்புதான்.

ஆனா உள்ளூர் டோர்னமென்ட்டில் கறுப்பு வந்தாலே பலருக்கு முகம் வாடிவிடுகிறது. காரணம் இருக்கு. முதல் நகர்த்தல் எதிராளியின் கையில். வெள்ளைக்குப் பிடித்த ஒரு தொடக்கம் போதும். கறுப்போ எது வந்தாலும் பதில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பயத்தில்தான் யூடியூப் பார்த்து பத்து ஓப்பனிங்கை மனப்பாடம் செய்கிறோம். எட்டாவது நகர்த்தலில் எதிராளி வீடியோவில் இல்லாத ஒன்றை ஆடினால், கதை முடிந்தது.

ஆனந்த் என்ன செய்தார்?

அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்தது லாஸ்கர் டிஃபென்ஸ். நூறு ஆண்டுக்கும் மேல் பழசு. 7-வது நகர்த்தலில் குதிரையை இ4 கட்டத்துக்குத் தாவவிட்டு, பிஷப்பையும் குதிரையையும் மாற்றிக்கொள்வதுதான் அதன் அடிப்படை. கறுப்புக்கு இடம் குறைவு; காய்கள் குறைந்தால் நெரிசல் தீரும். காரணம் புரிந்துவிட்டதால், வரிசை மறந்தாலும் சமாளிக்கலாம்.

நமக்கு எது?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் போர்டு விரிக்கிற மூக்கண்டப்பள்ளிக்காரருக்கு சிசிலியன் நைடார்ஃப் வேண்டாம் என்பேன். ஃபிஷரும் காஸ்பரோவும் ஆடியதுதான்; ஆனால் ஒரு நகர்த்தல் தவறினாலே ராஜா மாட்டிக்கொள்ளும்.

எதிராளி இ4 என்று தொடங்கினால் காரோ-கான்: முதலில் சி6, அடுத்து டி5. டி4, சி4 என்று வந்தால் ஸ்லாவ்: முதலில் டி5, அடுத்து சி6. கவனித்தீர்களா? இரண்டிலும் அதே இரண்டு சிப்பாய்கள், அதே கட்டங்கள். ராணிப் பக்க பிஷப்பை, இ6 வைத்துக் கதவைச் சாத்தும் முன் முடிந்தவரை வெளியே கொண்டுவரும் வேலையும் ஒன்றே. ஒன்றுக்குப் படித்தது இன்னொன்றுக்கும் உதவும்.

மற்ற தொடக்கங்களுக்குத் தனித்தனியாகப் படிக்கத் தேவையில்லை. 14-வது ஆட்டத்தில் டிங் குதிரையை எஃப்3-ல் வைத்துத் தொடங்கினார். குகேஷ் டி5, சி5 என்று சிப்பாய்களை நகர்த்தி நடுப்பலகையில் இடம் பிடித்தார். டிங்கின் பெரிய தவறு வந்தது 55-வது நகர்த்தலில்தான். அதுவரை தாக்குப்பிடிக்கிற நிலையைத் தந்தாலே ஓப்பனிங்கின் வேலை முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில், எந்த நகர்த்தலில் யோசிக்க ஆரம்பித்தீர்களோ அங்கே ஒரு வட்டம் போடுங்கள். லிசெஸ் தளத்தில் இலவசமாகவே அந்த நிலையை வைத்து மற்றவர்கள் என்ன ஆடினார்கள் என்று பார்க்கலாம். அடுத்த டோர்னமென்ட்டுக்கு முன் படிக்க வேண்டியது அந்த ஒரு நகர்த்தல் மட்டும்தான்.